கோமோ ஏரிக்கு ஒரு நாள் போதுமா?

கேள்வி – 2024 பிப்ரவரி 3

மே முதல் வாரம் அப்பா அம்மாவுடன் இத்தாலி போகிறோம். ரோம், ஃபிளாரன்ஸ், வெனிஸ் எல்லாம் முடிவாகிவிட்டது. கோமோ ஏரிதான் குழப்பம். மிலானிலிருந்து காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம், பணக்காரர்களின் மாளிகைகளைத் தவிர அங்கே பார்க்க ஒன்றும் இல்லை என்கிறார்கள். ஒரு நாள் போதும் என்றுதான் எனக்கும் படுகிறது. அப்பாவுக்கு 70 வயது. அம்மாவுக்கு மூட்டுவலி. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, இரவு

போதாது. 2023 மே மாதம் நானும் மனைவியும் என் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் ஐந்து இரவு தங்கினோம். ஆறாவது நாள் பெட்டி கட்டும்போது அம்மா முகம் வாடிவிட்டது.

ஒரு நாள் பயணம் எப்படி இருக்கும் தெரியுமா? கோமோ நகரத்துக்கு ரயில். அங்கே படகுச் சீட்டுக்கு வரிசை. மெதுவான படகு கிடைத்தால் பெல்லாஜியோ போய்ச் சேர இரண்டு மணி நேரம். இறங்கி ஒரு ஐஸ்கிரீம், திரும்பவும் வரிசை. இதற்கு அப்பா அம்மாவை அலைக்கழிக்க வேண்டாம்.

வரைபடத்தைப் பாருங்கள். ஏரி, கவட்டையைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி இருக்கும். தென்மேற்குக் கால் முடிகிற இடம் கோமோ நகரம், தென்கிழக்குக் கால் முடிகிற இடம் லெக்கோ. இரண்டு காலும் பிரிகிற முனையில் பெல்லாஜியோ. அதற்குக் கிழக்குக் கரையில் வரென்னா, மேற்குக் கரையில் மெனாஜியோ. பரப்பு 146 சதுர கிலோமீட்டர், ஆழம் 400 மீட்டருக்கு மேல். மலைகள் நேராகத் தண்ணீரில் இறங்குவதால் ஊர்களுக்குக் கிடைத்தது கரையோர விளிம்பு மட்டும்தான். இந்த மூன்று ஊர் சேருகிற நடுப்பகுதியில் தங்குங்கள். கோமோ நகரத்தை விட்டுவிடலாம், நஷ்டமில்லை.

பிப்ரவரி 4, காலை

ஏன் வரென்னா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் காரணம் ரயில். மிலானோ சென்ட்ராலேயில் ஏறினால் ஒரு மணி நேரம் சொச்சத்தில் வரென்னா. பெல்லாஜியோவுக்கும் மெனாஜியோவுக்கும் ரயில் கிடையாது. பெட்டிகளோடு பேருந்து மாறி, படகு மாறிப் போக உங்கள் அம்மாவால் முடியாது.

இரண்டாவது காரணம் வெயில். வரென்னா கிழக்குக் கரையில் மேற்குப் பார்த்து இருக்கிறது. எதிர்க்கரை ஊர்கள் மலை நிழலுக்குள் போன பிறகும் இங்கே வெயில் நிற்கும். மே மாதத்தில் மாலைக் குளிருக்கு அது பெரிய விஷயம். அம்மா தினமும் ஐந்து மணிக்கு மேல் படகுத்துறைப் பக்கத்துச் சுவரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

ஒரு எச்சரிக்கை. சாலையிலிருந்து ஏரிக்கு இறங்கும் சந்துகள் எல்லாம் கருங்கல் படிக்கட்டுகள், பல இடத்தில் கைப்பிடி இல்லை. விடுதியை முடிவு செய்யும்முன் "வாசலுக்கு எத்தனை படி?" என்று எழுதிக் கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை. 40 படி இருந்தன. ஒரு நாளைக்கு இரண்டு முறைக்கு மேல் அம்மாவால் ஏறி இறங்க முடியவில்லை. அந்த வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது.

பிப்ரவரி 4, இரவு

படகைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், அங்கே வாழ்க்கையே அதை வைத்துத்தான் ஓடுகிறது.

மூன்று வகை உண்டு. எல்லாத் துறையிலும் நின்று போகிற மெதுவான படகு. கூடுதல் கட்டணத்தில் பறக்கிற விரைவுப் படகு, இதில் உள்ளே அடைந்து உட்கார வேண்டும். அப்புறம் கார் ஏற்றும் படகு. இது வரென்னா, பெல்லாஜியோ, மெனாஜியோ, காதெனாப்பியா என்று நடு ஏரியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். உங்களுக்குக் கார் படகுதான் நல்லது. வரென்னாவிலிருந்து பெல்லாஜியோவுக்குக் கால் மணி நேரம். ஏறும் தளம் அகலம், ஆட்டம் குறைவு, அம்மா கையைப் பிடித்து நிதானமாக ஏற்றலாம். நடு ஏரிக்கு மட்டும் ஒரு நாள் சீட்டு உண்டு, ஒரே நாளில் மூன்று ஊர் போவதாக இருந்தால் கட்டுப்படியாகும்.

சிறிய படகு துறைக்கு வருவதைப் பார்க்க எனக்கு அலுக்கவே இல்லை. நெருங்கும்போது இன்ஜின் பின்னோக்கி உறுமும், மரக்கால்களைச் சுற்றித் தண்ணீர் பச்சையாக நுரைக்கும். படகோட்டி ஒரு கையால் கயிற்று வளையத்தை வீசுவார், அது இரும்புக் குற்றியில் சரியாகப் போய் விழும். மறு கையால் ஏறுபலகையைத் தள்ளுவார். இறங்குகிறவர்கள் இறங்கி, ஏறுகிறவர்கள் ஏறி, பலகையை இழுத்துவிட்டால் கயிறு வந்துவிடும். இரண்டு நிமிடம்கூட ஆகாது. அப்பா ஒரு நாள் காலை முழுவதும் துறையிலேயே உட்கார்ந்து, எந்தப் படகு எத்தனை நிமிடம் தாமதம் என்று சிறு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். மறுநாள் துறையில் நின்ற ஜெர்மன் தம்பதியர் அவரிடம்தான் நேரம் கேட்டார்கள்.

கால அட்டவணை பருவத்துக்குப் பருவம் மாறும். போய் இறங்கியதும் துறையில் ஒட்டியிருப்பதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிப் படகு எப்போது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 6

மேற்குக் கரையில் லென்னோ ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் பால்பியானெல்லோ மாளிகையைக் கேட்டவருக்கு: நாங்கள் போன வருடம் அது திங்களும் புதனும் மூடியிருந்தது. நாங்கள் போய் நின்றது புதன்கிழமை! நாளைப் பார்த்து, நுழைவுச் சீட்டை முன்கூட்டியே எடுத்துவிட்டுப் போங்கள்.

பிப்ரவரி 7

நேற்று அவசரத்தில் எழுதிவிட்டேன். மூடிய கதவோடு அந்த நாள் முடியவில்லை, அதைச் சொல்லாவிட்டால் தப்பாகிவிடும்.

லென்னோவில் இறங்கி, கதவு மூடியிருப்பது தெரிந்ததும் அம்மாவும் மனைவியும் படகிலேயே ட்ரெமெட்ஸோ போனார்கள். நானும் அப்பாவும் நடந்தோம். கொலோன்னோ ஊரிலிருந்து காதெனாப்பியா பக்கம் வரை சுமார் பத்து கிலோமீட்டருக்கு 'கிரீன்வே' என்று ஒரு நடைபாதை இருக்கிறது, அதன் ஒரு துண்டு இது. கொஞ்ச தூரம் ஏரிக்கரை, கொஞ்ச தூரம் வீடுகளுக்குப் பின்னால் சந்து, ஒரு துவைகல் தொட்டி, ஆலிவ் மரங்கள், கோழி கொக்கரிக்கும் கொல்லைப்புறம். மாளிகைக்கு வெளியே ஏரிக்கரையில் யார் வாழ்கிறார்கள் என்று அந்த ஒரு மணி நேரத்தில்தான் பார்த்தோம்.

நடையின் முடிவில் வில்லா கார்லோட்டா. 17ஆம் நூற்றாண்டுக் கடைசியில் கிளேரிச்சி என்ற பிரபு கட்டியது. பிறகு ப்ரஷ்யாவைச் சேர்ந்த ஓர் இளவரசி கைக்கு வந்து, அவர் தன் மகள் கார்லோட்டாவுக்குக் கல்யாணச் சீராகக் கொடுத்தார். அந்தப் பெயர்தான் நின்றுவிட்டது. ஏப்ரல் கடைசியிலிருந்து மே முற்பாதிக்குள் போனால் அசேலியாப் பூக்கள். பாதையின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் புதர், இலையே தெரியாமல் இளஞ்சிவப்பும் வெள்ளையும் கருஞ்சிவப்பும். கீழே விழுந்த இதழ்களை மிதிக்காமல் நடக்க அம்மா பட்ட பாடு சொல்லி மாளாது. உங்கள் தேதிக்கு இது சரியாகப் பொருந்தும். ஜூலையில் போகிறவர்களுக்கு இந்தத் தோட்டத்தை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லமாட்டேன்.

பால்பியானெல்லோவுக்கு மறுநாள் வியாழக்கிழமை போனோம். லென்னோவிலிருந்து ஒரு கிலோமீட்டர் நடை, இல்லையென்றால் சிறு படகு. கடைசி உரிமையாளர் குய்தோ மொன்சீனோ, 1973இல் எவரெஸ்டுக்குப் போன முதல் இத்தாலியக் குழுவின் தலைவர். 1971இல் வட துருவத்துக்கும் போயிருக்கிறார். 1988இல் இறக்கும்போது மாளிகையை இத்தாலியப் பாரம்பரிய நிதியத்துக்கு எழுதிவைத்தார். அவருடைய பயணப் பொருள்கள் உள்ளே இருக்கின்றன, பனிச்சறுக்கு வண்டிகூட. தோட்டத்தைவிட எனக்கு அந்த அறைகள்தான் பிடித்தன.

பிப்ரவரி 8

மூட்டுவலிக்காரர்களுக்கு இரண்டையும்விட வில்லா மொனாஸ்தெரோ சௌகரியம் என்பதை விட்டுவிட்டேன். வரென்னாவிலேயே இருக்கிறது, படகே வேண்டாம். ஏரியை ஒட்டி ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் தோட்டப் பாதை, பெரும்பாலும் சமதளம், உட்கார இடம் நிறைய.

பெயரைப் போலவே முன்பு அது மடம். மேற்குக் கரையை ஒட்டியிருக்கும் கோமாசினா, இந்த ஏரியின் ஒரே தீவு. 1169இல் கோமோ நகரத்தார் அதைத் தரைமட்டமாக்கினார்கள். அங்கிருந்து தப்பி வந்த கன்னியாஸ்திரிகளோடு தொடங்கிய மடம் இது. இன்று இயற்பியல்காரர்களின் இடம். 1953 முதல் இத்தாலிய இயற்பியல் கழகத்தின் கோடைப் பள்ளி இங்கே நடக்கிறது. என்ரிகோ ஃபெர்மி 1954 கோடையில் இங்கே வந்து பாடம் எடுத்தார், அதே நவம்பரில் இறந்துபோனார். பள்ளிக்கு இப்போது அவர் பெயர்தான்.

இதே வரென்னாவில் தெற்கே சிறிது தூரம் நடந்தால் ஃபியூமெலாத்தே, 'பால் ஆறு'. மொத்த நீளமே 250 மீட்டர். பாறைக்குள்ளிருந்து வெள்ளையாகப் பொங்கி, அப்படியே ஏரியில் விழுந்துவிடுகிறது. வசந்தத்தில் கிளம்பி இலையுதிர் காலத்தில் நின்றுவிடும். லியோனார்தோ தா வின்சிகூட இதைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார்.

பிப்ரவரி 10

சாப்பாடு. இதற்காகத்தான் காத்திருந்தேன்.

அங்கே உள்ளூர்ச் சாப்பாடு என்ன தெரியுமா? களியும் கருவாடும்! நிஜமாகவே.

ஏரியில் அகோனே என்று ஒரு மீன், நம் மத்திக்குத் தூரத்துச் சொந்தம். பிடித்து, குடலெடுத்து, உப்பில் போட்டு, வெயிலில் கோத்துத் தொங்கவிட்டுக் காயவைக்கிறார்கள். காய்ந்ததைத் தகரப் பாத்திரத்தில் வட்ட வட்டமாக அடுக்கி, அடுக்குக்கு அடுக்கு லாரல் இலை வைத்து, மேலே பாரம் ஏற்றிவிடுகிறார்கள். எண்ணெய் கசிந்து மேலே வரும். மாதக்கணக்கில் கெடாது. இதற்குப் பெயர் மிசொல்தினி. சாப்பிடும்போது சுட்டு, வினிகர் தெளித்து, மக்காச்சோளக் களியோடு வைக்கிறார்கள். களிக்குப் பெயர் பொலெந்தா. கெட்டியாகக் கிண்டி, ஆறவிட்டு, துண்டு போட்டு வாட்டியிருந்தார்கள்.

தட்டு மேசைக்கு வந்ததும் அப்பா முதலில் முகர்ந்து பார்த்தார். அப்புறம் கரண்டியையும் முள்கரண்டியையும் ஓரமாக வைத்துவிட்டு, விரலால் முள்ளைப் பிரித்து, களியை ஒரு துண்டு கிள்ளி அதோடு சேர்த்து வாயில் போட்டார். பரிமாறிய பாட்டி அதைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போய், உள்ளேயிருந்து இன்னொரு மீன் கொண்டுவந்து வைத்தார், அதற்குக் காசும் வாங்கவில்லை. பத்து நாள் இத்தாலியில் அப்பா வயிறார, வாயாரச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

காரமும் கருவாடும் வேண்டாதவர்களுக்கு, வெண்ணெயில் வாட்டிய பெர்ச் மீன் துண்டுகளைச் சோற்றின் மேல் வைத்துத் தருவார்கள். நல்லதுதான். ஆனால் முதல் இடம் மிசொல்தினிக்கு.

பிப்ரவரி 10, சிறிது நேரம் கழித்து

திருத்தம்: காரம் என்று எழுதிவிட்டேன். மிசொல்தினியில் மிளகாய்க் காரம் துளியும் இல்லை. உப்பும் புளிப்பும்தான்.

பிப்ரவரி 11

சைவம் பற்றிக் கேட்டவருக்கு. என் அம்மாவும் சைவம்தான். பிட்ஸோக்கெரி என்று கேளுங்கள். ஏரிக்கு வடக்கே உள்ள வல்தெல்லீனா பள்ளத்தாக்கின் உணவு. பக்வீட் என்ற தானியத்தின் மாவில் செய்த பட்டை நூடுல்ஸ், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பூண்டு, வெண்ணெய், பாலாடைக்கட்டி. வயிறு நிறையும். ரிசோத்தோ கேட்டால் அரிசியை மாமிசச் சாற்றில் வேகவைத்திருப்பார்கள், கேட்காமல் சாப்பிட வேண்டாம். பர்மேசான் பாலாடைக்கட்டியில் பாலை உறையவைப்பது கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கிற உறை. இதைக் கறாராகப் பார்ப்பவர்கள் "சென்சா ஃபொர்மாஜியோ" என்று சொல்லிவிடுங்கள், பாலாடைக்கட்டி இல்லாமல் என்று அர்த்தம். பில்லில் 'கொபெர்தோ' என்று தலைக்கு ஒன்றிரண்டு யூரோ இருந்தால் பதறாதீர்கள். உட்கார்ந்ததற்கும் ரொட்டிக்கும் அது வழக்கமான கட்டணம்.

பிப்ரவரி 14

முதல் குறிப்பில் கோமோ நகரத்தை விட்டுவிடலாம் என்று எழுதினேன். அதை வாபஸ் வாங்குகிறேன். நான்கு நாளாக மனதில் உறுத்துகிறது.

அப்பா மின்வாரியத்தில் 33 வருடம் வேலை பார்த்தவர். திரும்பும் நாள் கோமோவில் நான்கு மணி நேரம் கிடைத்தது. ஏரிக்கரையில் தெம்பியோ வோல்தியானோ என்று ஒரு வெள்ளைக் கட்டடம், கோயில் மாதிரித் தூண்கள். மின்கலத்தைக் கண்டுபிடித்த அலெஸ்ஸாந்த்ரோ வோல்டா 1745இல் பிறந்தது இந்த ஊரில்தான். அவருடைய நூறாவது நினைவாண்டான 1927இல் கட்டினார்கள். உள்ளே ஒரே கூடம், சுற்றிலும் கண்ணாடிப் பெட்டிகள். துத்தநாகத் தகடு, செம்புத் தகடு, நடுவே நனைத்த துணி என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அந்தக் கோபுரம், கையளவுதான் இருக்கிறது. 1800 மார்ச்சில் அவர் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதம் இதைப் பற்றித்தான். 1899இல் நடந்த கண்காட்சித் தீ விபத்தில் அசல் கருவிகள் நிறையச் சாம்பலாகிவிட்டன. தப்பியவையும், பிறகு அதே போலச் செய்தவையும் இருக்கின்றன.

அப்பா ஒவ்வொரு பெட்டி முன்னாலும் நின்றார். வெளியே வந்து, "33 வருஷம் வோல்ட், வோல்ட்னு எழுதினேன். ஆளை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்" என்றார். அந்த வார்த்தைக்காகவே கோமோவுக்கு நான் மறுபடி போவேன். திங்கள்கிழமை விடுமுறை, கவனம்.

கதீட்ரலையும் பார்த்துவிடுங்கள். 1396இல் தொடங்கிய வேலை 1770இல்தான் முடிந்தது. முகப்பில் பிளீனி என்ற பெயருள்ள இரண்டு பழைய ரோம எழுத்தாளர்களுக்கும் சிலை, இருவரும் இந்த ஊர்க்காரர்கள். தேவாலய வாசலில் கிறிஸ்தவர் அல்லாத இரண்டு ரோமர்கள்! நேரம் மிச்சமிருந்தால் 1894 முதல் ஓடுகிற இழுவை ரயிலில் ப்ரூனாத்தே மலைக்கு ஏறுங்கள், ஏழு நிமிடம்.

பிப்ரவரி 15

கோமோ கரையில் ஏன் அவ்வளவு வெள்ளத் தடுப்பு என்று ஒருவர் கேட்டிருந்தார். அத்தா ஆறு வடக்கே கொலிக்கோ பக்கம் உள்ளே வந்து, லெக்கோ வழியாக வெளியேறிவிடுகிறது. கோமோ கால் முட்டுச்சந்து, அங்கே தண்ணீருக்கு வடிகால் இல்லை. மழை ஓங்கினால் ஏரி நகரச் சதுக்கத்துக்குள் வந்துவிடும்.

பிப்ரவரி 19

குளிக்கலாமா? மே மாதத்தில் வேண்டாம், தண்ணீர் சில்லென்று எலும்பைத் தொடும். ஜூலை, ஆகஸ்டில் லென்னோ, மெனாஜியோ, பெல்லாஜியோ ஊர்களின் குளிக்கும் துறைகள் நன்றாக இருக்கும். பெரும்பாலான கரைகளில் கூழாங்கல்தான். ரப்பர் செருப்பு அவசியம்.

காற்றைப் பற்றி விடுதிக்காரப் பெண்மணி சொன்னது: விடியற்காலையில் வடக்கிலிருந்து இறங்குவது திவானோ, உச்சிக்குக் கொஞ்சம் முன் தெற்கிலிருந்து கிளம்புவது ப்ரேவா. ப்ரேவா வராத நாளில் துணி காயப்போடாதீர்கள் என்றார். நான் அதற்குப் பிறகு தினமும் துறைக் கொடியைப் பார்த்தேன். காலை ஏழு மணிக்குக் கொடி தெற்கு நோக்கிப் பறக்கும். பத்து மணிக்குத் துவண்டு தொங்கும், ஏரி எண்ணெய் ஊற்றிய மாதிரி அசையாமல் கிடக்கும். பதினொன்றரைக்கு ஒரு நடுக்கம், அப்புறம் கொடி முழுதாகத் திரும்பி வடக்கே பறக்கும். தூரத்தில் பாய்மரங்கள் கிளம்பிவிடும். நான்காம் நாள் கொடி திரும்பவே இல்லை. மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது.

மழை நாளுக்கு: பெல்லானோ, வரென்னாவிலிருந்து ஒரு ரயில் நிலையம். ஊருக்குள்ளேயே பாறையைப் பிளந்து ஓடுகிற ஆற்றின் மேல் நடைபாதை கட்டியிருக்கிறார்கள். மழையில்தான் அந்த ஆற்றுக்கு உயிர். அம்மாக்களை விடுதியில் விட்டுவிட்டுப் போங்கள், வழுக்கும்.

பிப்ரவரி 25

பெல்லாஜியோவுக்கு ஓர் ஐஸ்கிரீமுக்கு மேல் நான் இடம் கொடுக்கவில்லை என்று ஒருவர் கோபித்திருக்கிறார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. நாங்கள் முதலில் போனது பகல் பன்னிரண்டு மணிக்கு. படிக்கட்டுக் கடைத்தெருவில் நகர இடமில்லை. கடைசி நாளுக்கு முந்தைய மாலை, கூட்டம் படகேறிப் போன பிறகு மறுபடி போனோம். அது வேறு ஊர். துறையிலிருந்து சமதளமாகவே நடந்து வில்லா மெல்ஸி தோட்டம் போகலாம், அம்மாவுக்குப் படி ஒரு தொல்லையாகவே இல்லை. ஆனால் தோட்டம் மூடும் நேரத்துக்கு முன்பே போய்விடுங்கள். பிறகு ஊரின் நுனிக்கு வாருங்கள், பூன்தா ஸ்பார்திவென்தோ, காற்று பிரிகிற முனை. மூன்று பக்கமும் ஏரி. கவட்டையின் இரண்டு காலும் அங்கே நின்றால் ஒரே பார்வையில் தெரியும். முதல் நாளே அங்கே நின்றிருந்தால் ஏரி எப்படிக் கிடக்கிறது என்று வரைபடம் இல்லாமலே புரிந்திருக்கும்.

மார்ச் 2

கார்தா ஏரி நல்லதா, கோமோவா? கார்தா இத்தாலியின் மிகப் பெரிய ஏரி, 370 சதுர கிலோமீட்டர். சிறு குழந்தைகள் இருந்தால், நீச்சல் முக்கியமென்றால், வெனிஸ் வழியில் நிறுத்த வேண்டுமென்றால் கார்தா. பெரியவர்களை அழைத்துக்கொண்டு, ஒரு கரையிலிருந்து மறு கரையைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டுமென்றால் கோமோ. என் மனது எங்கே என்று இத்தனை நாள் படித்தவர்களுக்குத் தெரியும்.

ஏப்ரல் 21

வரென்னாவில் நான்கு இரவு, தரைத்தள அறை, வாசலுக்கு மூன்றே படி என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்கே நிம்மதியாக இருந்தது.

கடைசியாக ஒன்று. மிலானில் ரயில் ஏறும்போது போகும் திசைக்கு இடப்பக்கம் உட்காருங்கள். காகிதச் சீட்டென்றால் ஏறும்முன் நடைமேடையில் உள்ள கருவியில் முத்திரை குத்திவிடுங்கள். லெக்கோ தாண்டியதும் சுரங்கம் மேல் சுரங்கமாக வரும். ஒவ்வொரு இருட்டுக்கும் நடுவே சில நொடிகள் ஏரி வந்து போகும். அம்மாவை ஜன்னலோரம் உட்கார வையுங்கள், லெக்கோவிலேயே எழுப்பிவிடுங்கள்.